வெச்சிடாத தம்பி

மாடி அறையில் அந்த லைனில் இருந்தவை இரண்டே கம்ப்யூட்டர்கள்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டபோது எங்கேஜ்டு டோன் வந்தது.

மாதேஸ்வரன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஐப்பசித் தூறல் ஓசூர் முழுக்க ஈரச் சாக்கைப் போர்த்தியது போல் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரம் ஏறினால் பழைய வயர்கள் இப்படி எதையாவது செய்யும். ஜன்னலோர மேஜையில் பழுப்பேறிய கம்ப்யூட்டர் ஒன்று, எதிர்ச் சுவரோரம் அதைவிடப் பழையது இன்னொன்று, ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மோடம். இரண்டு மோடங்களையும் இணைத்தது ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் பெட்டி. மூடிப்போன ஏதோ கம்பெனி ஆபீஸில் இன்டர்காமுக்கு வைத்திருந்ததைப் பழைய சாமான் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தான். அதிலிருந்து வெளியே போகும் வயர் என்று எதுவும் கிடையாது. வீட்டு லேண்ட்லைனையே போன வருஷம் சரண்டர் செய்தாகிவிட்டது. நான்கு சுவருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்குப் போன் போடும், அது எடுக்கும், இரண்டும் கீச்சிட்டு உறுமிப் பேசிக்கொள்ளும், அவ்வளவுதான். உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை பார்த்து, நாள் முழுக்க அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துவிட்டு வருகிறவனுக்கு அந்தச் சத்தம்தான் இளைப்பாறல்.

மறுபடி டயல் செய்தான். மோடத்தின் ஸ்பீக்கரில் டயல் டோன், அதன்மேல் எண்களின் பீப் சத்தம், ஒரு க்ளிக். பிறகு அதே. விட்டு விட்டு, அவசரமே இல்லாமல், எங்கேஜ்டு டோன். திரையில் 'பிஸி' என்று பச்சை நிற ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தன.

எழுந்து போய் எதிர்ச் சுவர் மோடத்தைப் பார்த்தான். அதன் பிளக் சுவிட்ச் போர்டிலேயே இல்லை. தரையில் கிடந்தது.

"மாமா, டீ."

ஹரிணி வாசலில் நின்றிருந்தாள். "யார்கிட்டயோ பேசிட்டிருந்தீங்க, அதான் உள்ள வரல."

"நானா? யார்கிட்டயும் பேசலயே."

"சத்தம் கேட்டுச்சு. பொம்பளக் குரல் மாதிரி." டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அந்த இயந்திரங்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா சொல்லும், 'மாதேசு பொட்டி வெள்ளாட்டுக்குட்டியாட்டம் கத்துது'ன்னு." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. இந்த ஒரு வருஷமாக அவளுக்கு எல்லாமே பாதியில்தான் நிற்கிறது. சாப்பாடு, தூக்கம், பேச்சு. அவள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை மாதேஸ்வரன் டம்ளரைத் தொடவில்லை.

ஹரிணி அவனுடைய அக்கா மகள். அக்கா சரோஜம்மாள் பாகலூருக்கு அந்தப் பக்கம், கர்நாடக எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில், முட்டைகோஸும் ரோஜாவும் போட்டிருந்த தோட்டத்து வீட்டில் இருந்தாள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் மாதேஸ்வரனைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். புருஷன் இறந்த பிறகும் தோட்டத்தை விட்டு வர மாட்டேன் என்றாள். கண்ணில் புரை விழுந்ததால் செல்போன் அவளுக்குச் சரிப்படவில்லை. தோட்டத்து வீட்டு லேண்ட்லைனுக்குப் பெரிய பட்டன் வைத்த போன் ஒன்றை வாங்கி, ஒரு பட்டனை அமுக்கினாலே தன் வீட்டு லேண்ட்லைன் அடிக்கும்படி மாதேஸ்வரன்தான் அமைத்துக் கொடுத்தான். "எந்நேரமானாலும் இத அமுக்குக்கா, நான் எடுப்பேன்" என்று அவள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினான்.

போன வருஷம் இதே ஐப்பசியில், மழை பெய்த ஒரு சாயங்காலம், அவள் மோட்டார் ரூம் கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்துபோனாள். தரையோடு தரையாகத் தவழ்ந்து வீட்டுக்குள் வந்து போனைக் கீழே இழுத்துப் பட்டனை அமுக்கினாள். அன்றைக்கு ஹரிணிக்கு இரவு ஷிப்ட். கம்பெனி கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது அவள் அம்மாவுக்கும் தெரியும். அதனால் தம்பியைத்தான் கூப்பிட்டாள்.

தம்பியின் லைன் எங்கேஜ்டு.

பெங்களூரில் கோபி என்று ஒருவர் இருந்தார். இதே பைத்தியம். தன் வீட்டு லேண்ட்லைனில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கட்டிவைத்து, யார் வேண்டுமானாலும் மோடம் வழியாகக் கூப்பிட்டு அதிலிருந்து பழைய விளையாட்டுகளை இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். தன் வீட்டு லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்ட மாதேஸ்வரனுக்கு அன்றைக்கு இடம் கிடைத்தது. ஒரு சதுரங்க விளையாட்டு இறங்கத் தொடங்கியது. இறங்கியது, இறங்கியது, விடிய விடிய இறங்கியது. மாடி அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே அவன் நாற்காலியில் தூங்கிப்போனான்.

காலையில் பால் எடுக்க வந்த பக்கத்துத் தோட்டத்து நஞ்சம்மா பார்த்தபோது சரோஜம்மாளின் உடம்பு சில்லிட்டிருந்தது. கட்டைவிரல் பட்டன் மேலேயே விறைத்திருந்தது.

அழுகைச் சத்தத்துக்கு நடுவே மாதேஸ்வரன் அந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். டயல் டோன் சுத்தமாக, தெளிவாகக் கேட்டது. எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"போனு செத்துக் கிடக்குது. சத்தமே வரல" என்றான்.

வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டான். ஹரிணி அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தாள். போனில் கரகரவென்று சத்தம் வருகிறது, கம்ப்ளெயின்ட் கொடு என்று அம்மா அதற்கு முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தாளாம். ஷிப்ட் அலைச்சலில் இவள் மறந்துவிட்டாளாம். "நான் குடுத்திருந்தா மாமா... ஒரு கம்ப்ளெயின்ட் நான் குடுத்திருந்தா..." என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். இல்லை கண்ணு என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. அன்று மாலை சொல்லலாம் என்றிருந்தான், பிறகு காரியம் முடியட்டும் என்றிருந்தான். அவன் மனைவி சௌமியா ஹரிணியைத் தங்களோடு அழைத்து வந்துவிட்டாள். தினமும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில், அவன் செய்ததை அவள் சுமந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. மழை விட்டிருந்தது. மாதேஸ்வரன் மாடி ஏறும்போதே உள்ளே ஒரு க்ளிக் கேட்டது. அறை இருட்டாக இருந்தது. அவன் எதையும் ஆன் செய்யவில்லை. ஆனாலும் ஜன்னலோர மோடத்தின் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. கூப்பிடுகிறது. வெளியே எங்கும் போகாத அந்தப் பெட்டிக்குள் யாரோ கூப்பிடுகிறார்கள்.

விளக்கு தானாகவே நிலைத்து நின்றது. எடுத்துவிட்டது.

வழக்கமான கீச்சொலி வரவில்லை. ஸ்பீக்கரிலிருந்து மெல்ல ஒரு இரைச்சல் எழுந்தது. தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சல் என்று அவன் காது உடனே கண்டுகொண்டது. அதற்குப் பின்னால் கட்டிப்போட்ட ஆடு ஒன்று. தவளைகள். அறைக்குள் ஈர மண்ணும் ரோஜாவுக்கு அடிக்கிற மருந்தும் கலந்து நெடி ஏறியது. ஜன்னலுக்கு வெளியே தெரு காய்ந்துகொண்டிருந்தது.

"தம்பி."

இழுத்து இழுத்து மூச்சு.

"பேசிட்டிருக்கியா? சரி சரி, நீ பேசு. நான் அப்பறம் பண்றேன்."

க்ளிக். விளக்கு அணைந்தது. எரிந்தது. மறுபடியும் மழை.

"வேலையா இருக்கியா சாமி? ஒன்னுமில்ல, வழுக்கிட்டேன். நீ முடிச்சுட்டு வா. வெச்சிடாத தம்பி. நான் இப்படியே இருக்கேன்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. வலி கூட அவனுக்குத் தெரியாதபடி பொத்தி வைக்கப்பட்டிருந்தது. அவனுடைய பரீட்சைக் காலங்களில் கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டோடு நின்று, கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்குவாளே, அதே குரல். மாதேஸ்வரன் வயரைப் பிடுங்கினான். எக்ஸ்சேஞ்ச் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். ஸ்பீக்கரைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தான். மூச்சு குறையவில்லை.

"இருக்கேன்" என்றது.

அன்றிரவே எல்லாவற்றையும் கோணிப்பையில் கட்டிக் காரில் போட்டுக்கொண்டு போய், எடுத்த கடையிலேயே கொட்டிவிட்டு வந்தான். சௌமியா ஏன் என்று கேட்டாள். சலித்துப்போச்சு என்றான். அவள் நம்பியது போல் தெரியவில்லை.

"ஏங்க, ஒன்னு கேக்கட்டுமா? உங்க போன் ஏன் எந்நேரமும் எங்கேஜ்டா இருக்கு? நேத்தும் இன்னைக்கும் எத்தன வாட்டி போட்டேன் தெரியுமா? யார்கிட்ட அப்படிப் பேசறீங்க?"

அவன் செல்போனை எடுத்துப் பார்த்தான். யாரும் கூப்பிட்டதாகக் காட்டவில்லை. அவள் முன்னாலேயே அவள் நம்பருக்குப் போட்டான். எங்கேஜ்டு. கம்பெனி மேனேஜருக்கு, எங்கேஜ்டு. சிம்மை மாற்றினான், போனையே மாற்றினான். யாருக்குப் போட்டாலும் அதே டோன். கூர்ந்து கேட்டால் அதற்கு அடியில், வெகு தூரத்தில், தகரத்தில் மழை.

அன்று முதல் அவன் தூங்கவில்லை. அவனுக்கு மட்டும் தெரிந்த இன்னொன்று இருந்தது. அதை அவன் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. மோடம் ஓடும்போது வேறு யாராவது கூப்பிட்டால் நடுவில் ஒரு க்ளிக் விழும், இறங்கிக்கொண்டிருப்பது அறுந்துபோகும். அன்றைக்கு ஆரம்பத்தில் அப்படி ஒருமுறை அறுந்தது. அந்த நம்பருக்குக் கூப்பிடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். அறுந்த எரிச்சலில் மாதேஸ்வரன், குறுக்கே எந்த அழைப்பும் வராதபடி தடுக்கிற குறியீட்டை நம்பருக்கு முன்னால் சேர்த்து, மறுபடி டயல் செய்தான். அக்கா என்னத்தைச் சொல்லப்போகிறாள், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று அவன் அப்போது வாய்விட்டே சொன்னான்.

வருஷத் திதி ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மதியம், தோட்டத்து வீட்டைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று ஹரிணி தன் வண்டியில் கிளம்பிப் போனாள். போகும்போது மாதேஸ்வரன் கேட் வரை வந்தான். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வண்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"ஹரிணி..."

"என்ன மாமா?"

"பாத்துப் போ. அந்த மோட்டார் ரூம் கல்லு வழுக்கும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது சௌமியா சமையலறையிலிருந்து செல்போனோடு ஓடி வந்தாள். ஹரிணி அனுப்பிய மெசேஜ். 'அத்தை, மாமாவுக்குப் போட்டுட்டே இருக்கேன், எங்கேஜ்டு. அவர சீக்கிரம் அனுப்புங்க.'

"திருப்பி அவளுக்குப் போட்டா அவ லைனும் எங்கேஜ்டா இருக்குங்க. என்னமோ ஆயிருக்கு, கிளம்புங்க நீங்க."

பாகலூர் ரோட்டில் பள்ளமெல்லாம் தண்ணீர். ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகத்தில் விளக்கடித்துக்கொண்டு வந்தன. மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் கிடந்த செல்போன் தானாகவே சத்தமாகப் பேச ஆரம்பித்தது. டோன். மழை. மூச்சு.

"அக்கா" என்றான். முதல்முறையாக அதற்குப் பதில் சொன்னான். "அக்கா, வெச்சிடுக்கா. ஹரிணி கூப்பிடுறா. லைன விடு. உம் பொண்ணுக்கா."

"நீ எடுத்தாத்தானே சாமி நான் வெக்கிறது?" என்றாள் அவள், பொறுமையாக. "நீ இன்னும் எடுக்கவே இல்லயே."

கண்ணாடியை இறக்கிச் செல்போனை வெளியே எறிந்தான். சத்தம் காருக்குள்ளேயே இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பும் மண் பாதையில், தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நஞ்சம்மா மாட்டை ஓட்டி வந்தாள். பாதை ஓரத்து ரோஜாக் கூடாரத்தின் பிளாஸ்டிக் கூரை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காரை நிறுத்தினான்.

"ஹரிணி இருக்குதா?"

"இருக்குதுப்பா, மத்தியானமே வந்துச்சு. ஆனா போன்லயே பேசிட்டிருக்குது. நான் காப்பி எடுத்துட்டுப் போனேன், முதுகக் காட்டி நின்னுட்டிருந்துச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. யாரு என்னன்னு ஒன்னும் புரியல." மாட்டின் கயிற்றைச் சுண்டினாள். பிறகு அவன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "அந்த லைனு போன வருசமே அறுத்ததுதானேப்பா? உள்ள பழைய மணி அடிக்கிற மாதிரி கேட்டுச்சு."

மாதேஸ்வரன் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். சேறு செருப்பை இழுத்தது. செருப்பை விட்டான். ஓடினான்.

கதவு திறந்திருந்தது. விளக்கு இல்லை. தரை கழுவி ஈரமாக இருந்தது, பினாயில் வாசம். அதற்கடியில் அந்த மருந்து நெடி. தகரத்தில் மழை. இந்த முறை அது எந்த ஸ்பீக்கரிலிருந்தும் வரவில்லை. தலைக்கு மேலேயே விழுந்தது.

"ஹரிணி?"

"ம்" என்றது இருட்டு. அவனுக்குச் சொன்னதில்லை.

கண் பழகியது. அவள் சுவரோரம் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அம்மா கிடந்த இடம். அம்மா கிடந்த பக்கம். ஒரு கால் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. கால் மடங்கக் கூடாத திசையில். அவள் முகத்தில் வலி இல்லை. காதில் செல்போன். அதன் திரை செத்திருந்தது. கட்டைவிரல் மட்டும் அதை அமுக்கிக்கொண்டே இருந்தது.

"மாமாவா? இன்னும் எடுக்கலம்மா... எங்கேஜ்டுதான்... ம்... சரி, நான் வெக்கல. நீயும் வெச்சிடாத."

"கண்ணு, இங்க பாரு. நான் வந்துட்டேன். மாமா வந்துட்டேன் பாரு."

"வேலையா இருப்பாரும்மா."

அவன் மண்டியிட்டான். அவள் தோளைப் பிடித்தான். ஈரமாக, சில்லென்று இருந்தது. செல்போனை அவள் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தான். மற்ற விரல்கள் விறைத்திருந்தன. அப்போது அவனுக்குள் ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது உடைந்தது.

"போன் நல்லாத்தான் இருந்துச்சு ஹரிணி. உங்கம்மா போன்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான். என் லைன்தான் எங்கேஜ்டு. அவ கூப்பிடுறான்னு தெரிஞ்சுதான் தடுத்தேன். உம் மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. ஒரு தப்பும் இல்ல. நான் பொய் சொன்னேன். கேக்குதா? நான் பொய் சொன்னேன்..."

கத்திச் சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். மழை அதையெல்லாம் வாங்கிக்கொண்டது.

கட்டைவிரல் நின்றது.

ஹரிணியின் முகம் மெல்ல அவன் பக்கம் திரும்பியது. கண்கள் அவன் மேல் வந்து நின்றன. கேட்டுவிட்டாள் என்று நினைத்தான். அவள் பதில் சொல்லப்போகிறவளைப் போல வாயைத் திறந்தாள். அவன் இன்னும் நெருங்கிக் குனிந்தான்.

அவள் தொண்டைக்குள்ளிருந்து வந்தது அந்த டோன். உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. விட்டு விட்டு, அவசரமே இல்லாமல், இருட்டில் அகலத் திறந்த வாயிலிருந்து. இடையில் சத்தம் நிற்கும்போதெல்லாம், அவனையே பார்த்தபடி, ஒருமுறை இமைத்தாள்.